சோற்று வாளியின் செப்புப் பட்டை கழன்றுவிட்டது, நானே தட்டி ஏற்றலாமா?

ஒசாக்கா மீனா:

எல்லோருக்கும் வணக்கம். ஒசாக்காவுக்கு வந்து ஒன்பது வருஷம். இந்தக் குழுவில் இதுவரை விசா, ஓட்டுநர் உரிமம், பிள்ளையின் பள்ளி என்றுதான் கேட்டிருக்கிறேன். இன்றைக்குக் கேட்பது ஒரு வாளியைப் பற்றி. சிரிக்காதீர்கள்.

போன அக்டோபரில் கியோட்டோவில் ஒரு பழைய கடையில் ஒஹிட்சு வாங்கினேன். தெரியாதவர்களுக்கு: குக்கரில் வெந்த சோற்றை எடுத்துப் போட்டு வைக்கிற மூடி போட்ட மர வாளி அது. 3 கோ அளவு, அதாவது அரைக்கிலோவுக்குச் சற்றுக் குறைவான அரிசி வெந்தால் பிடிக்கும். சவரா மரம், வெளியே இரண்டு செப்புப் பட்டை. விலையைச் சொன்னால் எங்கள் வீட்டில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும், அதனால் 30,000 யென்னைத் தாண்டியது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கூடவே அதே வேலைப்பாட்டில் இரண்டு குட்டிக் கோப்பைகள். சாக்கே என்கிற அரிசி மது குடிக்க என்று கொடுத்தார்கள். நான் காலையில் காப்பி குடிக்கிறேன்.

வாங்கியதில் வருத்தமே இல்லை. ஊரில் ஹாட் பேக்கில் சோறு வைத்தால் மூடி வியர்க்கும், அது சொட்டி மேல்சோறு கொழகொழத்துப் போகும். இதில் மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தாலும் பருக்கை பருக்கையாக நிற்கிறது. ஆறின சோறு இத்தனை ருசியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். டிசம்பர் கடைசியில் இரண்டு வாரம் ஊருக்குப் போனோம். வாளியைக் கழுவித் துடைத்து ஃப்ரிட்ஜின் தலைமேல் வைத்துவிட்டுப் போனேன். வந்ததும் ஹீட்டரை முழுசாகப் போட்டோம். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு 'டங்' என்று ஒரு சத்தம். என் வீட்டுக்காரர் துடைப்பத்தோடு எழுந்து போனார். அடிப்பட்டை கழன்று கீழே உருண்டு கிடந்தது. மேல்பட்டையும் ஆடுகிறது. இரண்டு பலகைகளுக்கு நடுவே முடி நுழைகிற மாதிரி ஓர் இடைவெளி. வாங்கின கடைக்குப் போன் செய்தேன். 'நீங்கள் வைத்திருந்த விதம்' என்று ஆரம்பித்தார்கள், எனக்கு மேலே கேட்கப் பொறுமை இல்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கனுவன்று எலுமிச்சம் சாதத்தை அதில் போட்டு வைத்தேன். பட்டை ஆடும்போதேதான். உள்ளே முழுக்க மஞ்சள், நல்லெண்ணெய் வேறு ஊறிவிட்டது.

பட்டையை நானே தட்டி ஏற்றலாமா? மஞ்சள் போகுமா? மூன்றாவது கேள்வி என்னுடையது இல்லை, வீட்டுக்காரருடையது. அதே கியோட்டோவில் ஒரு காட்சியில் ஷாம்பெயின் பாட்டிலைக் குளிர வைக்கிற மர வாளியைப் பார்த்தோம். இலை மாதிரி இரண்டு பக்கமும் கூர். விலை லட்சங்களில். "கிராமத்து வாளியைப் பணக்காரனுக்குப் பொம்மையாக்கி விற்கிறான், உனக்கும் அதைத்தான் விற்றிருக்கிறான்" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.


கோபே குமார்:

மேடம், இதுக்கெல்லாம் யோசிக்கலாமா? இடைவெளியில ஃபெவிக்விக் விடுங்க, பட்டைக்கு உள்பக்கமும் நாலு சொட்டு. ஜென்மத்துக்கும் கழலாது. சாருக்கு என் ஆதரவு. 110 யென் கடையில பிளாஸ்டிக் வாளி இருக்கு.


பிவாக்கரை:

மீனா, முதலில் அந்தப் பசையைக் கீழே வையுங்கள். குமார் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். மர நாற்காலிக்கு நீங்கள் சொன்னது சரியாக இருக்கலாம். இது மூச்சு விடுகிற பாத்திரம். மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஒட்டின இடம் நகராது. அதனால் பக்கத்துப் பலகை வெடிக்கும். அதைவிட மோசம், நாளைக்கு வாளிக்காரர் கையில் கொடுத்தாலும் பிரிக்க முடியாது. பிரிக்க முடிகிறவரைதான் அது வாளி.

நான் இருப்பது ஓட்சு, பிவா ஏரிக்கரை. வாரநாளில் பம்ப் வடிவமைக்கும் வேலை. ஆறு வருஷமாகச் சனிக்கிழமைகளில் ஒரு வாளிக்காரரின் பட்டறைக்குப் போகிறேன். 74 வயது. பெயர் போடாதே என்று சொல்லியிருக்கிறார். வாளிக்கு ஜப்பானியப் பெயர் ஒகே. முதல் வாரம் மனைவி போனில் "எங்கே இருக்கீங்க" என்றாள், நான் "ஒகே" என்றேன், "நான் என்ன கேட்டேன், நீங்க என்ன ஓகே சொல்றீங்க" என்று ஒரு சண்டை. முதல் எட்டு மாதம் எனக்கு இழைப்புளிக் கத்தி தீட்டுகிற வேலை மட்டும்தான். அதனால் நான் சொல்வதை ஒரு எடுபிடியின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வாளி கெடவில்லை. காய்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஃப்ரிட்ஜின் தலை சூடான இடம், அதன்மேல் ஹீட்டர் காற்று வேறு.

எந்தப் பலகையையும் அசைக்காமல், வெளிப்புறம் பென்சிலால் 1, 2, 3 என்று வரிசையாக எண் போடுங்கள். தப்பித்தவறி எல்லாம் பிரிந்துவிட்டால் அந்த எண்கள்தான் உங்களைக் காப்பாற்றும். பிறகு வாளியைக் கவிழ்த்து ஒரு துணிமேல் வையுங்கள். கையால் தடவிப் பாருங்கள், வாய்ப்பக்கம் ஒரு நூல் அகலம் அதிகமாகவும் அடிப்பக்கம் குறுகலாகவும் இருக்கும். பட்டை குறுகலான பக்கம் நுழைந்து அகலமான பக்கம் நோக்கி ஏற வேண்டும். கழன்றது ஏன் கீழ்வழியாக விழுந்தது என்று இப்போது புரிகிறதா? முதலில் ஆடுகிற மேல்பட்டை, அப்புறம் அடிப்பட்டை. பட்டையின் விளிம்பில் ஒரு சின்னக் கட்டையை வைத்து, கட்டையின்மேல் தட்டுங்கள். செம்பின்மேல் நேராகச் சுத்தியல் பட்டால் நசுங்கும், நீளும். ஒரே இடத்தில் அடிக்காமல், ஒரு தட்டு இங்கே, அடுத்தது நேர் எதிரே, இப்படிச் சுற்றி வாருங்கள். பழைய பட்டை இருந்த தடம் மரத்தில் தெரியும், அதைத் தாண்ட வேண்டாம். பிடித்துக்கொண்டதும் நிமிர்த்தி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றிக் கழுவுதொட்டியில் வையுங்கள். முதலில் ஒழுகும், பதற வேண்டாம். ஓர் அரைமணி, ஒருமணியில் நின்றுவிடும். நின்றதும் கொட்டிவிட்டுத் துடைத்து நிழலில் கவிழ்த்து வையுங்கள். ராத்திரி முழுக்க ஊற வைக்காதீர்கள். பட்டை இறுக்க, மரம் உப்ப, நடுவில் மாட்டிக்கொள்வது அடிப்பலகை.

அந்த அடிப்பலகையை எப்படி வைக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் அது. வட்டப் பலகையின் விளிம்பைச் சுற்றிச் சுத்தியலால் தட்டி நசுக்குவார்கள். அதற்குக் கிகொரோஷி என்று பெயர். 'மரத்தைக் கொல்வது' என்று அர்த்தம். நசுங்கின விளிம்பு உள்காடியில் சுலபமாக உட்காரும், தண்ணீர் பட்டதும் உப்பிக் கவ்விக்கொள்ளும். கொன்றது உயிர்த்து எழுகிற இடத்தில்தான் கசிவு நிற்கிறது.

பட்டை விஷயத்தில் ஒரு சின்னப் பெருமை. என் தாத்தாவுக்கு உசிலம்பட்டிப் பக்கம் வண்டிப் பட்டறை. சக்கரத்தைவிட ஒரு விரல் குறைச்சலாக இரும்புப் பட்டையை அடித்து, வறட்டி நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, சக்கரத்தில் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார். புஸ்ஸென்று புகை, சக்கரம் நெரிபடுகிற சத்தம். அதை ஆசானிடம் சொன்னபோது ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "உங்கள் தாத்தா நெருப்பை நம்பினார், நாங்கள் சரிவை நம்புகிறோம்" என்றார். இங்கே காய்ச்சுவது கிடையாது. அந்த ஒரு நூல் சரிவும் கொட்டாப்புளியும் போதும்.

பலகைகளின் ஓரம்தான் மொத்த வித்தையும். உங்கள் வாளியில் 16 பலகை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஓரம், ஆக 32. ஓர் ஓரத்துக்கு அரை டிகிரி பிசகினால் மொத்தம் 16 டிகிரி. வாளி வட்டமாக மூடாது. அந்த ஓரத்தை இழைக்கிற கருவி ஒரு நீளமான இழைப்புளி, மல்லாக்கப் படுத்திருக்கும். பலகையை எடுத்து அதன்மேல் தள்ள வேண்டும். அதன் பெயர் ஷோஜிக்கி. சாதாரண ஜப்பானியத்தில் அந்தச் சொல்லுக்கு 'நேர்மை' என்று பொருள். எனக்கு அது புரிந்தது மூன்றாவது வருஷம், ஒரு கோணல் ஓரத்தை இடுக்கில் மறைக்கப் பார்த்து மாட்டிக்கொண்டபோது.

நான் எஞ்சினியர் புத்தியில், 360-ஐ 16-ஆல் வகுத்து, பாதியாக்கி 11.25 டிகிரி என்று கால்குலேட்டரில் போட்டுக் காட்டினேன். ஆசான் சிரித்தார். அவர் பலகைகள் ஒரே அகலத்தில் இருப்பதே இல்லை, கிடைத்த மரத்துக்கு ஏற்றபடி ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம். அவரிடம் இருப்பது கமா என்கிற மர அச்சு, அரிவாள் என்று பொருள். ஒரு கை பலகையின் வளைந்த முதுகில் உட்காரும், மறு கை ஓரத்தை உரசும். ஓரம் வட்டத்தின் மையத்தைப் பார்க்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. பார்த்தால், பலகை எத்தனை அகலம் என்பது பொருட்டே இல்லை. டிகிரி என்ற சொல் இல்லாமலே கணக்கு முடிந்துவிட்டது. ஒவ்வொரு விட்டத்துக்கும் தனி அச்சு. சுவர் முழுக்கத் தொங்குகிறது. இழைப்புளியும் அப்படித்தான், வளைவுக்கு ஒன்று.

சோறு ஏன் வியர்க்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மரத்தை ஆரஞ்சுச் சுளை பிரிப்பதுபோல மையத்திலிருந்து பிளந்தால் பலகையில் நேர்க்கோடாக வரி ஓடும். அது மசமே. ஒஹிட்சு அதில்தான் செய்வார்கள். ஆவியை உறிஞ்சிக்கொள்ளும், சோறு காயத் தொடங்கினால் திருப்பிக் கொடுக்கும். அகலவாட்டில் சுருங்குவதும் குறைவு. சாக்கே, மிசோ என்கிற புளித்த சோயா விழுது மாதிரி மாதக்கணக்கில் நிற்க வேண்டியதற்கு வரி மலைமலையாகத் தெரிகிற இதமே பலகை. அதில் ஆண்டு வளையங்கள் சுவருக்குள் அடுக்குத் திரைபோல நிற்கும், ஈரம் குறுக்கே கடக்க முடியாது. மூடி அடித்து மூடுகிற அந்தப் பீப்பாய்க்குப் பெயர் தரு. தமிழில் தரு என்றால் மரம் என்று ஆசானிடம் சொன்னேன். "அப்படியானால் உங்கள் ஊரில் எல்லாப் பீப்பாயும் இலை விடுமா" என்றார்.

மஞ்சள். கொஞ்சம் கஷ்டம். மஞ்சள் நிறம் வெயிலில் மங்கும், ஆனால் இதை வெயிலில் வைத்தால் வெடிக்கும். சோப்பு வேண்டாம், மரம் குடித்துவிட்டு அடுத்த சோற்றில் கக்கும். வெந்நீரும் தேங்காய் நார் மாதிரியான தவாஷித் தேய்ப்பானும் மட்டும், வரியோடு போக்கில் தேயுங்கள். எண்ணெய் முழுசாகப் போகாது. மனசு கேட்கவில்லை என்றால் வாளிக்காரரிடம் கொடுங்கள். பட்டையைக் கழற்றி, உள்பக்கம் ஒரு சுற்று இழைத்து, மறுபடி ஏற்றித் தருவார். கெஸுரினவோஷி என்று கேளுங்கள். புது வாளி மாதிரியே வரும். செம்பில் பச்சை பூத்தால் ஊரில் தேய்க்கிற மாதிரி புளி போடாதீர்கள், கறை மரத்துக்கு ஏறும். இரும்புக் கரண்டியும் வேண்டாம், ஈர மரத்தில் இரும்பு பட்டால் கறுக்கும்.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் கேள்விக்கு வருகிறேன், அவர் அந்த வாளியைச் சரியாகப் பார்க்கவில்லை. கோபத்தோடு இல்லை, உரிமையோடு சொல்கிறேன்.

ஒரு கயிற்றை உருண்டைத் தூணில் சுற்றி இறுக்குங்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தும். அதே கயிற்றைப் பீரோவில் சுற்றி இறுக்குங்கள். மூலைகளைக் கடிக்கும், நடுப்பலகைக்கும் கயிற்றுக்கும் நடுவே கை நுழையும். வாளி ஏன் வட்டமாக இருக்கிறது என்பதற்கு அதுதான் காரணம். பட்டைக்கு வளைவு வேண்டும், வளைவு இல்லாத இடத்தில் அது வெறும் அலங்காரம். இலை வடிவத்தில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்டத் தட்டை, இரண்டு முனை கூர். அந்தத் தட்டைப் பக்கத்துப் பலகைகள் ஒழுகாமல் நிற்கின்றன என்றால் ஒவ்வோர் ஓரமும் எந்த அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும்! பாதி வருஷம் நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் பார்த்தது நகாகவா ஷூஜி செய்ததாகவோ அதன் வழி வந்ததாகவோ இருக்கும். மூன்றாம் தலைமுறை வாளிக்காரர். அப்பா கியோட்சுகு மர வேலைக்காக 2001-இல் 'வாழும் தேசியச் செல்வம்' என்று அறிவிக்கப்பட்டவர். மகன் 2003-இல் இந்த ஷிகா மாவட்டத்தில் தனிப் பட்டறை போட்டார். பாட்டிலைக் குளிர வைக்கிற அந்தக் கூலரை டோம் பெரினியோன் ஷாம்பெயின்காரர்கள் ஏற்றுக்கொண்ட பிறகு வெளிநாட்டில் பேர் பரவியது. அவருடைய வாளி முக்காலி லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கூலருக்குக் கோயாமகி மரம். இங்கே குளியல் தொட்டிக்குப் போடுகிற மரம் அது, தண்ணீருக்கு அசராது. உள்ளே ஐஸ் நிறைத்தாலும் வெளியே வியர்க்காது. வெள்ளி வாளி என்றால் அடியில் துண்டு விரிக்க வேண்டும், மேஜைத்துணி நனையும். வீட்டுக்காரரிடம் கேளுங்கள், ஹாட் பேக் மூடி வியர்ப்பதைப் பற்றிக் குறைப்பட்ட வீட்டில், வியர்க்காத வாளி பொம்மையா?

ஜப்பானில் குளிக்க, துவைக்க, மிசோ போட, பிணத்தைக் குளிப்பாட்ட எல்லாவற்றுக்கும் ஒகேதான். ஓவியர் ஹொகுசாயின் ஃபுஜி மலை வரிசையில் ஒரு படம் உண்டு, ராட்சசப் பீப்பாய்க்குள் ஒருவன் மண்டியிட்டு இழைத்துக்கொண்டிருப்பான், பீப்பாயின் வட்டத்துக்குள்ளே தூரத்தில் மலை பொட்டாகத் தெரியும். அத்தனை சாதாரணமான தொழில். போருக்குப் பிறகு பிளாஸ்டிக் வந்தது. பொதுக் குளியலறையில் மஞ்சள் வாளியில் சிவப்பெழுத்தில் கெரோரின் என்று பார்த்திருப்பீர்கள், தலைவலி மருந்து விளம்பரம், 1963-இல் வந்தது. குமார் சொன்ன 110 யென் வாளியின் பாட்டன் அது. என் ஆசான் அப்போது பள்ளிக்கூடம் போகிற பையன். அவர் அப்பா அதே ஆண்டு இரண்டு வேலையாட்களைக் கணக்கு முடித்து அனுப்பினாராம்.

இன்றைக்கு ஆசானுக்குப் பணம் வருவது கோப்பையிலும் ஐஸ் வாளியிலும்தான். அந்தப் பணம் இல்லை என்றால், மீனாவின் 3 கோ வாளியை இழைத்துத் தர அந்தத் தெருவில் ஆள் இருக்க மாட்டார். அவர் கூலர் செய்கிற நாளில் முணுமுணுப்பார், அதையும் சொல்ல வேண்டும். "முதுகு வலிக்கிறது, எவன் இந்தக் கூர்முனையைக் கண்டுபிடித்தான்" என்று. ஆனால் அன்றைக்கு டீ குடிக்க எழுந்திருக்க மாட்டார்.

காப்பி குடிக்கிற கோப்பையைப் பற்றி அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.


அகிதா மருமகள்:

பிவாக்கரை அண்ணா இத்தனை சொன்ன பிறகு நான் என்ன சொல்ல. ஆனாலும் எங்கள் ஊர்ப் பேரை யாரும் எடுக்காதது பொறுக்கவில்லை. கல்யாணமாகி அகிதா மாகாணம் நோஷிரோவுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இங்கே வாளி என்றால் சுகி, அகிதா தேவதாரு. அகிதா சுகி வாளி, பீப்பாய்க் கைவினையை அரசு 1984-இல் மரபுக் கைவினைப் பட்டியலில் சேர்த்தது. இயற்கையாக வளர்ந்த பெரிய மரங்களைத் தேசியக் காடுகளில் வெட்டுவது இப்போது இல்லை, அதனால் பழைய மரத்தை வைத்திருக்கிற வாளிக்காரர் அதைத் தங்கம் மாதிரிப் பூட்டி வைக்கிறார். மற்றது எல்லாம் நட்டு வளர்த்த மரம்.

இங்கே அவர்கள் கண்டுபிடித்த புதுச் சரக்கு பீர் ஜாடி. கைப்பிடி வைத்த குட்டி வாளிதான். நுரை மெல்லிசாக, ரொம்ப நேரம் நிற்கும் என்று என் மாமனார் சத்தியம் செய்வார். நான் அதில் மோர் குடிக்கிறேன். கோடையில் கை ஜில்லென்று ஆகாது, உள்ளே மட்டும் ஜில். தாளித்த மோர் இல்லை, பயப்பட வேண்டாம்.

ஆனால் மீனா, சோற்றுக்கு நீங்கள் வாங்கின சவராதான் சரி என்று எங்கள் மாமியாரே ஒப்புக்கொள்வார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. சவராவுக்கு வாசனை குறைவு, சோற்றில் ஏறாது. சுகியின் வாசனை சாக்கேக்கு வேண்டும், பீப்பாய்ச் சாக்கே குடிப்பதே அந்த வாசனைக்குத்தான். அதற்கு நாரா பக்கத்து யொஷினோ மரம் பிரசித்தம். நெருக்கி நட்டு வளர்ப்பதால் வளையங்கள் சீராக, நெருக்கமாக இருக்கும். உள்ளே சிவப்பு, வெளியே வெள்ளை தெரிகிற பலகையில் செய்த பீப்பாய்க்குத் தனி மதிப்பு.

மாமியாரின் குறிப்பு ஒன்று: சோறு போடுமுன் வாளியைத் தண்ணீரில் ஒரு முறை நனைத்து, கொட்டி, துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்த மரத்தில் போட்டால் சோறு ஒட்டும், எலுமிச்சம் சாதம் இல்லாவிட்டாலும் கறை பிடிக்கும். தினமும் பயன்படுத்தினால் பட்டை கழலாது. அலமாரியில் அழகுக்கு வைத்தால்தான் கழலும். அவருடைய வாளிக்கு நாற்பது வயது. என்னைவிட மூப்பு என்று அடிக்கடி நினைவுபடுத்துவார்.


கோபே குமார்:

சரி சரி, ஃபெவிக்விக்கைத் திரும்பப் பெறுகிறேன். ஆபீஸில் என் பக்கத்து சீட் தனகா-சானிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சொன்ன பழமொழி: 'காற்று அடித்தால் வாளிக்காரனுக்கு லாபம்'. காற்றடித்தால் தூசி கிளம்பும், தூசி கண்ணில் பட்டுப் பலர் பார்வை இழப்பார்கள், பார்வையற்றவர்கள் ஷாமிசென் என்கிற நரம்பு வாத்தியம் வாசித்துப் பிழைப்பார்கள், ஷாமிசென்னுக்குப் பூனைத்தோல் வேண்டும், பூனை குறைந்தால் எலி பெருகும், எலி வாளியைக் கடிக்கும், வாளிக்காரனுக்கு ஆர்டர். நம் ஊர் 'அமாவாசைக்கும் அப்துல் காதருக்கும்' இங்கே எப்படியோ சம்பந்தப்பட்டுவிடுகிறது.

உண்மையாகவே ஒரு கேள்வி. பெரிய பீப்பாய் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்களா? ஷோதோஷிமா தீவுக்குக் கோபேயிலிருந்து படகு போகிறது, அங்கே சோயா சாஸ் பட்டறையில் ஆள் உயரப் பீப்பாய்களைப் பார்த்தேன்.


பிவாக்கரை:

இருக்கிறார்கள், நூலிழையில் தப்பினார்கள். நீங்கள் போனது யமரொகுவாக இருந்தால் அதன் முதலாளி யமமோட்டோ யசுவோவைப் பற்றிக் கேட்டிருக்கலாம். அத்தனை பெரிய பீப்பாய் செய்யத் தெரிந்த கடை ஒசாக்கா சகாயில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதுவும் மூடினால் தன் பேரனுக்குப் பீப்பாய் கிடைக்காது என்று 2012-இல் இரண்டு தச்சர்களைக் கூட்டிக்கொண்டு போய் அவரே கற்றுக்கொண்டார். ஒவ்வொரு ஜனவரியிலும் தீவில் கூடிப் புதுப் பீப்பாய் கட்டுகிறார்கள். போட்டிக் கம்பெனி ஆட்களே வந்து கை கொடுக்கிறார்கள். செம்புப் பட்டை கிடையாது, பிளந்த மூங்கிலைப் பின்னி இறக்குகிறார்கள், ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று ஒரே தாளத்தில் அடிக்க வேண்டும். இன்றைக்கு ஜப்பானில் ஆகிற சோயா சாஸில் மரப் பீப்பாயில் ஊறுவது நூற்றில் ஒரு பங்குதான்.

நான் ஒருமுறை போனேன். தாளம் பிசகி என் கட்டைவிரல் நசுங்கியது. வேறு சாதனை ஒன்றும் இல்லை.


ஒசாக்கா மீனா:

பத்து நாள் ஆகிவிட்டது, மன்னியுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல்.

பென்சிலில் எண் போட்டேன். 17 பலகைகள். பிவாக்கரை அண்ணன் 16 என்று எழுதியதால் இரண்டு முறை எண்ணினேன். அகலமும் ஒன்றுபோல இல்லை, ஒன்று என் இரண்டு விரல், ஒன்று மூன்று விரல். இத்தனை மாதம் தினமும் கழுவியும் அது கண்ணில் படவில்லை. கவிழ்த்து, தோசைக்கல் பிடிக்கிற மரக்கட்டையை வைத்து, சப்பாத்திக் குழவியால் தட்டினேன். வீட்டுக்காரர்தான் எதிர்ப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் ஊற்றினதும் சல்லடை மாதிரி ஒழுகிற்று, அவர் முகத்தில் ஒரு திருப்தி. இருபது நிமிஷத்தில் சொட்டாகக் குறைந்தது. முக்கால் மணியில் நின்றே போயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கீழே விரித்திருந்த துண்டை மட்டும் எடுத்துப் பிழிந்தார்.

மஞ்சளுக்காக அதைக் கியோட்டோவில் வேறொரு வாளிக்காரரிடம் கொண்டுபோனேன். மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு "யூசு?" என்றார், இங்கே கிடைக்கிற எலுமிச்சை மாதிரிப் பழம் அது. எலுமிச்சை, மஞ்சள், நல்லெண்ணெய், கடுகு, பெருங்காயம் என்று தெரிந்த ஜப்பானியத்தில் சொன்னேன். பெருங்காயம் விளக்க முடியவில்லை. உள்ளங்கை அளவு வளைந்த இழைப்புளியால் உள்ளே இழைத்தார். முதலில் வந்த சுருள் எல்லாம் மாம்பழ நிறம், நாலாவது சுற்றில் வெள்ளை. அந்த மஞ்சள் சுருளில் ஒன்றை எடுத்து அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு பட்டையும் புதிதாக ஏற்ற வேண்டும், அடுத்த வாரம் வா என்றார். வாங்கின விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

காப்பிக் கோப்பையையும் காட்டினேன். உள்ளே பழுப்பேறி இருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். "தினமும் குடிக்கிறாயா" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடைசியாக ஒன்று. வெயில்காலத்தில் இந்த வாளியிலேயே ராத்திரி தண்ணீர் ஊற்றிப் பழையசோறு வைக்கலாமா? வீட்டுக்காரர் கேட்கச் சொன்னார்.


பிவாக்கரை:

வேண்டாம். மசமே பலகை புளித்த நீரை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், மறுநாள் எத்தனை தேய்த்தாலும் காயாது, பூஞ்சை கட்டும். பழையசோற்றுக்கு மண்பானைதான்.

17 பலகையா? என் தப்புதான். ஆசானிடம் சொன்னேன், "ஒற்றைப்படை செய்கிறவர் யார்" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் போகும்போது அடிப்பக்கம் முத்திரை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.